ஒரே ஒரு வாடிக்கையாளர்

“அந்தப் பழைய சிப்பை நிறுத்திடுங்க முதலாளி. கம்பெனிய மூடிட்டு வீட்ல ஓய்வா இருங்க. இந்த வருஷத்தோட புதுப் போக்கு அதுவா இருக்கட்டும்.”

மேடையில் வெங் இப்படிச் சொன்னதும் அரங்கிலிருந்த நானூறு பேரும் சிரித்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெங் மட்டும் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தைவானின் சின்ச்சு நகரத்தில் சிப் தொழிலின் பெரிய தலைகள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி, அந்த வருஷத்தின் புதுப் போக்கு என்ன என்று பேசும் கூட்டம் அது. இனிமேல் காரிலிருந்து காது மெஷின் வரைக்கும் எல்லாமே உள்ளே இருக்கும் சிப்பை வைத்துத் தானாக யோசிக்கும் என்றார் ஒருவர். சிப்பை இன்னும் எவ்வளவு சிறிசாக்கலாம் என்று அரைமணி நேரம் பேசினார் இன்னொருவர்.

பெங்கின் முறை வந்தது. “நான் இன்னும் மின்விசிறிக்குப் போடற பழைய சிப்பத்தான் பண்றேன்” என்றார். அதற்குத்தான் வெங்கின் இந்தக் கிண்டல்.

வெங் ஒரு காலத்தில் பெங்கிடம் வேலை பார்த்தவன். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்த பதினோரு இன்ஜினீயர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தனிக் கம்பெனி போட்டான். இன்றைக்கு ஊரிலேயே பெரிய ஆள். பெங்கின் ஆபீஸில் மிச்சம் மூன்றே பேர்.

கூட்டத்தை நடத்திய பெண் பேச்சை மாற்றப் பார்த்தாள். “இப்ப அந்த சிப்பை யார் வாங்கறாங்க ஐயா?”

“ஒருத்தர்.”

“ஒருத்தர்னா?”

“ஒரே ஒருத்தர்தான். தைச்சுங் ஊர்ல ஒரு சின்னக் கடை. வருஷத்துக்கு ரெண்டு தடவ ஆர்டர் வரும். ஏதோ பழைய மெஷினை நம்பிப் பிழைக்கிறவர் போலிருக்கு. நான் நிறுத்திட்டா அவர் எங்க போவார்?”

மறுபடியும் சிரிப்பு. “தொழில் பண்றாரா, தர்மம் பண்றாரா?” என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

வெங் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொடுத்தார்கள். சோறு, பொரித்த பன்றி இறைச்சி, பாதி முட்டை. பெங் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். ஆறு நாற்காலி போட்ட மேஜை. டப்பாவோடு அந்தப் பக்கம் வந்த பழைய சிநேகிதர் ஒருவர், இவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேறு மேஜைக்குப் போனார்.

தனியாகச் சாப்பிடுவது அவருக்குப் புதுசில்லை. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் நெதர்லாந்தில். ஞாயிற்றுக்கிழமை போனில் பத்து நிமிஷம்.

மனைவி போன மாசமே கம்பெனியை மூடிவிடத்தான் இருந்தார். அப்போதுதான் தைச்சுங்கிலிருந்து அந்த முதல் ஆர்டர் வந்தது. மூவாயிரம் சிப். நம்மை எதிர்பார்த்து எங்கேயோ ஒரு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பில், மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். இன்றுவரைக்கும் கிளம்புகிறார்.

அந்த சிப்பை வெளி ஆலை ஒன்றில்தான் அச்சடித்துத் தந்தார்கள். அதற்கான பழைய இயந்திரத்தை ஆலைக்காரர்கள் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். பெங்தான் கைக்காசு போட்டு அதை ஓட வைத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் கையில் ஒன்றும் இல்லை. இருக்கிற வீட்டை விற்கப் பேசி முடித்திருந்தார்.

“இங்க உக்காரலாங்களா ஐயா?”

ஐம்பது வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. “தைச்சுங்லேர்ந்து வரேன். உங்க சிப்பை வாங்கற கடை என்னோடதுதான்.”

பெங் எழுந்தே நின்றுவிட்டார். “வாங்க, வாங்க. நாலு வருஷமா உங்களப் பாக்கணும்னு ஆசைம்மா. மெஷின் எப்படி ஓடுது? சிப் சூடாகுதா? ஏதாவது கோளாறுன்னா சொல்லுங்க, நானே வந்து பாக்கறேன்.”

அவள் இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டினாள். வெங் ஷூ-ஃபென் என்றிருந்தது.

“வெங்குன்னா...”

“அவனோட அக்கா. மெஷின்னு எதுவும் இல்லீங்க ஐயா. பெட்டியெல்லாம் வந்தது வந்தபடி என் கடை மாடியில கிடக்கு.”

பெங் மெல்ல உட்கார்ந்தார். “ஒண்ணு கூடப் பிரிக்கலியா?”

“ஒண்ணு கூட.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்க வீட்டுக்காரம்மா தவறினப்ப, நீங்க கம்பெனிய மூடப் போறதாத் தம்பி கேள்விப்பட்டான். ‘அந்த மனுஷனுக்கு மிச்சம் அந்த ஆபீஸ் ஒண்ணுதான் அக்கா. அதுவும் போச்சுன்னா படுத்துருவாரு’ன்னான். அவன் பேர்ல ஆர்டர் வந்தா நீங்க தொட மாட்டீங்க. அதான் என் கடை பேர்ல.”

பெங்கின் குரல் உயர்ந்தது. “அவ்வளவு கரிசனம் உள்ளவன், ஊரே பாக்க எதுக்கு என்னை மூடச் சொன்னான்?”

“எங்களுக்காக நீங்க வீட்டையே விக்கறீங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது. நாளைக்குக் கையெழுத்தாமே? ஆர்டரை நிறுத்தினா உடைஞ்சு போயிடுவீங்க. உண்மையச் சொன்னா அதுக்கும் மேல. கேலி பண்ணினா கோவத்துலயாவது நிறுத்துவீங்கன்னு பாத்தான். நீங்க என்னடான்னா, ‘அவர் எங்க போவார்’னு கேட்டுட்டீங்க. அதுக்கப்புறம் அவனால முடியல. ‘போய்ச் சொல்லிடு அக்கா’ன்னு என்னை அனுப்பிட்டான்.”

பெங் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கேட்டார்.

“சாப்பிட்டானா?”

“இல்லீங்க. கார்லயே உக்காந்திருக்கான். உங்க முகத்தப் பாக்க முடியாதாம்.”

பெங் தன் டப்பாவை மூடினார். வரிசையாக அடுக்கியிருந்ததிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டார்.

“எந்தக் காரும்மா?”