வரதன் காதில் சொன்ன மழை

ஒரே குடியிருப்பிலிருந்து சுற்றுலா வந்த மூன்று குடும்பங்களுக்கு ஆற்று மணலில் மூன்று கூடாரங்கள், ஒரே ஒரு ரேடியோ. கைப்பிடியைச் சுற்றினால் காட்டுக்குள்ளும் மழை, வெள்ளச் செய்தி சொல்லும் அந்த ஆரஞ்சு டப்பா மேல்மாடி வரதனுடையது. அதையும் இயர்போன் மாட்டித்தான் கேட்பார். குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தால், தன் வீட்டு டிரம்கள் நிரம்பியபின் ஊருக்குச் சொல்கிற மகராசன் அல்லவா! கீழ்வீட்டுக் கோமளத்துக்கு எப்போதும் அவர்மேல் ஒரு சந்தேகக் கண்.

"ரேடியோல என்ன சார் சொல்றான்? மலைமேல மழையா?"

"சேச்சே, தூறல்தாம்மா. நிம்மதியா சமைங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மனைவி நளாயினி போர்வைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தூறலுக்கா இவ்வளவு ஏற்பாடு?

"கொசுக்கடி தாங்கலைக்கா. மேட்டுக்குப் போறோம்."

கோமளம் அடுப்பை அணைத்தாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புருஷனைக் கண்ணாலேயே கிளப்பினாள். மூன்றாவது கூடாரத்திலிருந்து ஷீலா கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க? வரதன் சார் ஏதாவது சொன்னாரா?"

கோமளம் மேட்டை அண்ணாந்து பார்த்தாள். அங்கே இரண்டு கூடாரத்துக்குத்தான் இடமிருந்தது.

"அந்த மனுஷன் வாயிலேர்ந்து என்னிக்குடி சேதி வந்திருக்கு?" என்று சிரித்தபடியே நடையை எட்டிப் போட்டாள்.