நான்காவது வரி

“பேனா எழுத மாட்டேங்கு” என்றார் கிராம நிர்வாக அலுவலர் செல்வதாஸ். நம்பவைக்க இரண்டு தரம் உதறியும் காட்டினார்.

இந்துஜா தன் பையிலிருந்து புதுப் பேனா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது சாக்கு. முதலில் கண்ணாடியைக் காணவில்லை, அப்புறம் முத்திரையைக் காணவில்லை. வராந்தாவில் பட்டாவுக்குக் காத்திருந்தவர்கள், சார் அந்தப் பெண்ணிடம் எதையோ எதிர்பார்க்கிறார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரு கையெழுத்துதானே சார்? அன்னைக்கு முழு நேரமும் எனக்க பக்கத்துலதானே நின்னீங்க.”

நின்றார்தான். ஒரு மணி நேரத்தில் அதிகத் தேங்காய் உரித்த பெண் என்ற உலக சாதனைக்கு அவள் இணையத்தில் விண்ணப்பித்திருந்தாள். மூன்று மாதம் கழித்து விதிமுறைகள் வந்தன. வீடியோ எங்கும் அறுபடக் கூடாது. மட்டை ஒட்டியிருக்கும் காய் சேராது. விண்ணப்பதாரருக்கு உறவில்லாத இரண்டு சாட்சிகள் நின்று எண்ணி, முடிந்த கையோடு அங்கேயே கையெழுத்திட வேண்டும்.

மே மாதம் பள்ளி மைதானத்தில் ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் அப்படியே போட்டுக் கொடுத்தார்கள். செல்வதாஸ் மூன்றாவது ஆள். “ஒரு ஆளு கூட இருந்தா நல்லதுல்லா சார்” என்று அவளே ஆபீசுக்கு வந்து அழைத்திருந்தாள். இப்போது ஓணமும் கழிந்தபிறகு, “உங்க பேப்பர் மட்டும் விட்டுப்போச்சு” என்று வந்து நிற்கிறாள்.

படிவத்தை மறுபடி படித்தார். இடம் சரி, நேரம் சரி. முன்னூற்றுப் பன்னிரண்டு காய், அவரும் எண்ணியதுதான். நான்காவது வரிக்கு வந்ததும் படிவத்தைக் கீழே வைத்தார்.

‘விண்ணப்பதாரருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை.’

இந்த வேலை கிடைப்பதற்கு முன், திற்பரப்புப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் மேற்பார்வையாளராக இருந்தார். அங்கே பால்வெட்ட வந்தவள் சுஜா. வயிற்றில் மூன்று மாதம் என்று அவள் சொன்ன அன்று, “வீட்டுல பேசிட்டு ஞாயித்துக்கெழம வாறேன்” என்று பஸ் ஏறினார். வீட்டில் வாயைத் திறக்கவே தைரியம் வரவில்லை. அடுத்த மாதம் சபைக் கோயிலில் ஜெயபாயோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது.

சுஜாவை அவள் வீட்டில் சேர்க்கவில்லை என்றும், தேங்காய்க் களங்களில் காய் உரித்து ஒரு பெண்பிள்ளையை வளர்க்கிறாள் என்றும் பிறகு காதில் விழுந்தது. விழுந்ததைக் காதோடு வைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருடம் அப்படியே போயிற்று.

சாட்சிக்கு அழைக்க வந்த அன்று இந்துஜா விண்ணப்பத்தை நீட்டியபோது அம்மா பெயரையும் ஊரையும் பார்த்தார். அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. மறுத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமே என்ற ஆசையில் சரி என்றுவிட்டார்.

மைதானத்தில் ஐம்பதாவது நிமிடத்தில் அவள் உள்ளங்கை கிழிந்தது. மட்டையில் ரத்தம் ஒட்டியது. அவள் நிறுத்தவில்லை; களத்தில் அம்மாவோடு நின்று பழகிய கை. செல்வதாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினார்.

இப்போது கையெழுத்தைப் போட்டுவிட்டால் என்ன? அவளுக்கு ரிக்கார்டு கிடைக்கும். பெற்ற மகளுக்கு இதுவரை ஒரு மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்ததில்லை, இதையாவது கொடுக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

பேனாவை எடுத்தார். ‘செல்’ வரை எழுதினார். ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று எத்தனையோ வாரிசுச் சான்றுக்கு எழுதிய கை, அதற்குமேல் நகரவில்லை. எழுதியதை அடித்தார்.

“என்னால முடியாது மக்கா. நாலாவது வரி பொய்.”

“என்ன பொய் சார்?”

“உனக்க அம்மைய ஞாயித்துக்கெழம வாறேம்னு சொல்லி ஏமாத்துன ஆளு நாந்தான். உனக்க அப்பன் நான்.”

வராந்தாவில் பேச்சு நின்றது. சாயங்காலத்துக்குள் விஷயம் ஜெயபாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும். சேரட்டும் என்று இருந்தது அவருக்கு.

இந்துஜா படிவத்தைப் பார்த்தாள். “அப்போ எனக்க ரிக்கார்டு?”

“போயிரும். உறவுக்காரன் எண்ணினா செல்லாது. தப்பு முழுக்க எனக்கதுன்னு நானே அவங்களுக்கு எழுதுதேன். நீ என்னைய என்ன வேணும்னாலும் பேசு. ஆனா உறவில்லன்னு இன்னொரு மட்டம் நான் சொல்ல மாட்டேன்.”

சொல்லி முடித்ததும் அவர் தலை தாழ்ந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து வாய் திறந்து, அவள் உழைப்பையும் கெடுத்தாயிற்று.

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டாகக் கிழித்தாள், நான்காகக் கிழித்தாள், குப்பைக்கூடையில் போட்டாள். முகத்தில் சிரிப்பில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

“இது நானே உண்டாக்குன பேப்பர். சர்டிபிகேட் போன மாசமே வந்தாச்சு, அப்பா.”