நூறாவது உருப்படி

"செத்தது எது, உயிரோட இருக்கறது எதுன்னு பத்தடி தள்ளி நின்னு ஒத்தக் கண்ணாலயே சொல்லிடுவேன். உலகத்துல அப்படி மூணு பேர்தான். மத்த ரெண்டு பேரும் செத்துட்டாங்க."

உயிரியல் பேராசிரியர் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவை பஞ்சடைத்த ஆந்தை, ஜாடியில் ஊறிய பாம்பு வகையறா. உயிரோடு இருந்தவர் அட்டெண்டர் மட்டும்தான். தூசி தட்டப் போய், பாடம் செய்த கீரியின் தலை அவர் கையோடு வந்திருந்தது.

"மன்னிச்சுக்கப்பா," என்றார் கீரியிடம்.

"யோவ், செத்த பிராணிகிட்டப் பேசறவனை மியூசியத்துல வேலைக்கு வைக்கக் கூடாதுய்யா. கண்ணாடிக்குள்ளதான் வைக்கணும்."

சைக்கிள் கொட்டடியாக இருந்த அறையை ஆறு வருஷம் போராடி மியூசியமாக்கியவர் பேராசிரியர். நூறு உருப்படி இருந்தால் ஆய்வுக்குழு அங்கீகாரம் தரும். ஒன்று குறைந்தாலும் அறை கேரம் போர்டுகளுக்குப் போய்விடும். உடற்கல்வி ஆசிரியர் காலையிலிருந்தே வாசலில் அளவு நாடாவோடு நின்றார்.

கீரி போனதில் தொண்ணூற்றொன்பது. குழு வர இன்னும் அரை மணி.

"வீடு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன் சார்."

"இப்ப என்னய்யா வீடு?"

அதற்குள் அட்டெண்டர் ஓடிவிட்டார். கல்லூரிக்குப் பின்புறமே அவர் குடியிருப்பு. பேராசிரியர் முதல்வரிடம் அவகாசம் கேட்கப் போனார். முதல்வர் கையை விரித்துவிட்டார். திரும்பி வந்தால், குழு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

குழுத் தலைவி ஒவ்வொன்றாக எண்ணினார். "தொண்ணூத்தொன்பது," என்று நிறுத்தியவர் நிமிர்ந்தார். "அட, அந்தப் பல்லியைச் சுவத்துலயே வச்சிருக்கீங்களா? நூறு. தத்ரூபமா இருக்கு சார்."

ஆந்தைக்கு மேலே ஒரு பல்லி. பேராசிரியர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். சரியாகப் பத்தடி. சந்தேகமே இல்லை, உயிருள்ள பல்லி. வயிறு ஏறி இறங்குவதுகூட அவருக்குத் தெரிந்தது.

"இயற்கைச் சூழல்லயே காட்டலாம்னுதான்..." என்றார்.

தலைவி பல்லியைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். அப்போதுதானா ஒரு கொசு வர வேண்டும்? வந்து, பல்லியின் மூக்கிலேயே உட்கார்ந்தது.

பல்லி அசையவில்லை. கொசு வாயோரம் வரை நடந்து பார்த்தது. அப்போதும் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த மாணவனும் பேராசிரியருக்கு இப்படி ஒத்துழைத்ததில்லை.

கையெழுத்து விழுந்தது. குழு போனது. உடற்கல்வி ஆசிரியர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

பேராசிரியர் கதவைச் சாத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஸ்டூலில் ஏறிக் குரலைத் தாழ்த்தினார்.

"மானத்தைக் காப்பாத்திட்டே கண்ணு. பசியை அடக்கிட்டு நின்னியே, உசிரு இருக்கறவரைக்கும் மறக்க மாட்டேன். இனிமே இந்த லைட்டை அணைக்கவே விடமாட்டேன், பூச்சி நிறைய வரும். போ, போய்ச் சாப்பிடு."

பல்லி போகவில்லை. அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து கீரிக்குத் தலை ஒட்டிக்கொண்டிருந்த அட்டெண்டர், தயங்கித் தயங்கி எழுந்தார்.

"பேசி முடிச்சிட்டீங்கன்னா அதைக் கழட்டிக் குடுங்க சார். பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் ரப்பர் பல்லி எங்கன்னு கேப்பா."