விமானப் புள்ளிகளும் ஒரு நாள் லீவும்

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. காலை முதல் ஓயாத தூறல். றக்வான தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கிருஷ்ணகுமாரி கைபேசியோடு நிற்கிறாள். கணவன் அஜந்தன் டோஹாவுக்கு வேலைக்குப் பறந்து சேர்த்த விமானப் புள்ளிகளுக்கு நீர்ப்பூங்காவின் நான்கு நுழைவுச்சீட்டுகள் கிடைக்கும். போகும் நாளை இன்று நான்கு மணிக்குள் குறிக்காவிட்டால் புள்ளிகள் காலாவதியாகிவிடும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி சம்மதிக்காமல் நாள் குறித்து அவளுக்குப் பழக்கமில்லை.

"கங்காணியய்யா, வியாழக்கிழமை லீவு குடுங்க. அடுத்த சனிக்கிழமை அவரு திரும்ப டோஹா போறாரு."

"தண்ணியில நனையத்தானே போற? இங்கயே நனைஞ்சுகிட்டுத்தானே நிக்கிற, புள்ள."

பெண்கள் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். தராசு முள் நடுங்கி அடங்குகிறது. கடைசிக் கூடையையும் நிறுத்த பிறகே அவர், "சரி, போயிட்டு வா" என்கிறார். கறை படிந்த விரலால் அவள் வியாழனைத் தொடுகிறாள். காலாவதியாகிவிட்டன, புள்ளிகள் பூச்சியம் என்கிறது திரை. வெற்றுக் கூடையைக் கவிழ்த்துத் தட்டுகிறாள். மணி நான்கு கடந்து இரண்டு நிமிடம்.