பரிசுப் பொட்டு

லாரி டிரைவர்கள் தூக்கத்தை விரட்டப் போடும் மாத்திரையை ஆபீஸ் குமாஸ்தாவான சகாதேவன் பழகியது, நோயில் கிடந்த மனைவி கஸ்தூரியின் பக்கத்தில் விழித்திருக்கத்தான். அவளை எரித்துவிட்டு வந்த பிறகும் அதை விட முடியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்தில், அந்தப் பழக்கத்தை நிறுத்த எது உதவும் என்று வெளியூர் டாக்டர் ஒருவர் திருவண்ணாமலையில் ஆராய்ச்சி நடத்தினார். தினமும் ஒரு மருந்து. வாராவாரம் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் ஒரு பரிசு. தட்டில் சோப்பு, சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு இருக்கும். சகாதேவனின் கை பொட்டு அட்டைக்கே போனது.

"என்னா சார், மறுபடியும் பொட்டா? தாடிக்கு வெச்சிக்கப் போறீங்களா? சோப்பு எடுத்துக்கினு போங்க" என்று நர்ஸ் அஜ்மத் பேகம் சிரித்தார்.

வேங்கிக்கால் வீட்டில் அட்டையைக் கண்ணாடியருகே வைத்தான். தூங்கி எழுந்த காலைகளில் அட்டையில் ஒரு பொட்டு குறைந்திருக்கும். கஸ்தூரி படுக்கும் முன் ஒட்டிவைக்கும் அதே மூலையில், கண்ணாடியில் அது இருக்கும்.

அவளைப் பார்த்துவிடும் ஆசையில் ஒருநாள் பழைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தான். யாரும் வரவில்லை. அந்த வாரம் பரிசோதனையிலும் தேறவில்லை.

"பரிசு இல்லன்னா போவுது. மருந்த வுட்றாதீங்க. போயி நல்லா தூங்குங்க சார்" என்றார் பேகம்.

தூங்கினான். காலையில் அட்டையில் ஒரு பொட்டு குறைந்திருந்தது. கண்ணாடியின் மூலை காலியாக இருந்தது. முகம் துடைத்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். அவன் சட்டையின் இடது தோளில், அவள் தலை சாய்க்கும் இடத்தில், பொட்டு ஒட்டியிருந்தது.

அந்தச் சட்டையோடே ஆபீசுக்குப் போனான்.