எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது

எந்தக் குழந்தையும் விடுபடக்கூடாதென்று நகராட்சிப் பெண்மணி வீடு வீடாகப் பிறப்பைப் பதிந்துகொண்டு வந்தார். என் விரலைப் பிடித்து நின்ற பேத்தியிடம் குனிந்து, "பாப்பா பேரென்ன?" என்றார். பிறகு என்னிடம், "அப்பா பேர் இல்லாட்டியும் சான்றிதழ் தருவோம் ஐயா."

மணமாகாத மகள் பெற்ற பிள்ளை. நாங்கள் யார் முன்னும் தலை குனிந்ததில்லை.

"எங்க வீட்டில குழந்தையே கிடையாதும்மா."

அவர் நிமிர்ந்தார். "அதான் வீடு இவ்வளவு அமைதியா இருக்கு," என்று சிரித்துவிட்டுப் போனார். பேத்தி அப்போதும் உரக்கத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய், "பாப்பாவுக்குச் சோறு போடு," என்றேன்.

"எந்தப் பாப்பாவுக்கு? வெயில்ல நின்னு தலை சுத்துதாப்பா?" மகள் சிரித்தாள். அவள் சிரித்து வருடக்கணக்காகியிருந்தது.

பேத்தி கட்டிலேறி, "அம்மா," என்றாள். மகள் துவைத்த துணிகளை மடித்து, ஒவ்வொன்றாக அவள்மேல் அடுக்கினாள்.