தரையில் விழும் சிவப்புப் பொட்டு

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பாத்திரம் கழுவும் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. மெர்வின் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்கிறான். புது ரப்பர் வாசனைதான் அடிக்கிறது. ஆனால் போன வாரப் புகை இன்னும் அவன் மூக்கை விட்டுப் போகவில்லை. ராத்திரியில் கரண்டு மலிவு என்று ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் எல்லோரும் செய்கிறபடிதான் அவனும் பழைய மெஷினை ஓடவிட்டுப் படுத்தான். அது சத்தமில்லாமல் அடியில் கருகியது. ரொட்டி வாட்டும்போதெல்லாம் கத்துகிறதென்று புகை எச்சரிக்கை மணியின் பேட்டரியை அவனே கழற்றி வைத்திருந்தான். நெடியில் எழுந்தவன், புகையில் கண் விழிக்காத பெண்டாட்டியைப் போர்வையோடு முற்றத்துக்கு இழுத்துப் போட்டான். அந்தக் கிளெனிஸ் இப்போது உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்.

"நாய் மாதிரி மோந்து பாக்காத கிழவா, மானம் போகுது."

விற்கிற பெண் சிரித்துக்கொண்டே ஒரு மெஷினின் சுவிட்சைத் தட்டிவிடுகிறாள். "இருக்கறதுலயே அமைதியானது இதுதான் மேட். ஓடுறதே தெரியாது. போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க. அடியிலேர்ந்து தரையில சிவப்பா லைட் அடிக்குது பாருங்க, அத வச்சுத்தான் ஓடுதுன்னே கண்டுபிடிக்கணும்."

தரையில் தணல் மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம் கிடக்கிறது. மெர்வின் பூட்ஸ் காலால் அதை ஓங்கி மிதிக்கிறான். அது அணையாமல் பூட்ஸின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி மிதிக்கிறான். கிளெனிஸின் கேலி நின்றுவிடுகிறது. அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

"இது வேணாம்மா. இந்தக் கிழவன் குறட்டையவிடப் பெருசாச் சத்தம் போடுறது எது, அதக் காட்டு."